மலை ஏறுமுன் மைதானத்தில் பழகுங்கள்!

சேலம் நகரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வடக்கே சேர்வராயன் மலை, தென்மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை. நாமக்கல் பக்கம் போனால் கொல்லிமலை. தினமும் கண்ணில் படுவதால் மலையைக் கண்டு ஊராருக்குப் பயமில்லை. காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அபாயம் அந்த நினைப்பில்தான் இருக்கிறது.

குரங்கணி கற்பித்த பாடம்

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் சென்ற இரு குழுவினர், தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த புல் மண்டிய சரிவில் காட்டுத் தீ அவர்களை வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் தீ யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மலையேற்றத்துக்கு அனுமதி வேண்டும் என்ற விதிகளை அதே ஆண்டில் அரசு வகுத்தது. அனுமதி அவசியந்தான். ஆனால் ஆபத்து நேரத்தில் கை கொடுப்பது பழக்கம் ஒன்றே.

தீ மேல்நோக்கி ஓடும்

சமவெளியில் மெதுவாகப் பரவும் தீ, சரிவில் வேகமாக மேலேறும். கீழே எரியும் ஜுவாலை மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. ஆகவே தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடக்கூடாது. புல் இல்லாத பாறை, ஓடைப் படுகை, ஏற்கனவே எரிந்து ஆறிய நிலம் ஆகியவையே புகலிடம். நைலான் உடை உருகி உடம்பில் ஒட்டும். பருத்தி உடையே நல்லது.

என்ன பழக வேண்டும்?

வழி தவறினால் அலையாமல் ஓரிடத்தில் நிற்பது. விசில் ஊதி இருக்குமிடம் தெரிவிப்பது. சூரியனைப் பார்த்துத் திசை அறிவது. ஓடை நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது. இவற்றைப் படித்தால் மட்டும் போதாது. செய்து பார்க்க வேண்டும். பேடன் பவல் 1907-ல் பிரவுன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூடாரத்தில் தங்க வைத்துக் கற்பித்ததும் இப்படித்தான். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது.

இதற்குக் காடு தேவையில்லை. பள்ளி மைதானமோ, அறுவடை முடிந்த வயலோ போதும். கிளம்பும்போது எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் ஒரு பழக்கந்தான். செல்போன் எட்டாத பள்ளங்கள் மலையில் உண்டு. தேடி வருபவர்களுக்கு அந்தத் தகவலே வழிகாட்டி.

ஆற்றங்கரைக்கும் உதவும்

மலைப்பக்கமே போகாதவருக்கும் இது பயன்படும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீர் திறக்கும்போது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் காவிரி புகுவதுண்டு. 2018-லும் 2022-லும் பல குடும்பங்கள் முகாம்களுக்குப் போக நேர்ந்தது. டார்ச் விளக்கு, மருந்து, குடிநீர், முக்கியக் காகிதங்கள் எல்லாம் ஒரே பையில் தயாராக இருந்தால் பத்து நிமிஷத்தில் வீட்டை விட்டுக் கிளம்பலாம்.

ஆபத்து வந்த பிறகு பாடம் படிக்க நேரம் இராது. அவசரக் காலத்தில் 112 என்ற எண் உதவிக்கு வரும். அந்த உதவி வந்து சேரும் வரை உயிரைக் காப்பது அவரவர் பழகிய பழக்கமே.