ஐப்பசி மழைக்கு முன்னே

மேனாட்டுத் தோட்டக் கலை நூல்களைப் புரட்டினால், இலையுதிர்காலத்து அறுவடை முடிந்ததும் செய்யவேண்டிய காரியங்களுக்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். கண்ணாடி வீட்டின் பலகணிகளைக் கழுவுக, இடுக்குகளை அடைக்க, உறைபனி அணுகாதபடி கணப்பு மூட்டுக என்று அதில் விஸ்தாரமாக எழுதியிருப்பார்கள். ஓர் இரவுப் பனியில் செடிகள் கருகிவிடும் தேசங்களுக்கு இவையெல்லாம் அவசியமே. தமிழ்நாட்டிலும் உதகமண்டலத்தில் உறைபனி விழுகிறது. அங்கே 1848-ல் தொடங்கிய அரசாங்கத் தாவரவியல் தோட்டத்தில் கண்ணாடி மாளிகை இருப்பது பொருத்தந்தான்.

ஆனால் மேற்கு மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இந்த விதிகளை அப்படியே கொண்டுவந்தால் பயன் உண்டோ? இங்கே குளிர்காலத்தில் செடிக்குச் சத்துரு பனியல்ல; வேரடியில் தேங்கும் தண்ணீரே.

நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர்காலம் என்றும், மார்கழி தையை முன்பனிக்காலம் என்றும் வகுத்தார்கள். குளிருக்கு முன்னால் மழை வருகிறது என்பது அந்தப் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. ஆனி, ஆடியில் மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை கொட்டும்போது, இப்பக்கத்தில் பெரும்பாலும் காற்றும் சாரலுந்தான். கண்மாய்கள் நிறைவதற்கு வடகிழக்குப் பருவம் பிறக்கவேண்டும். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே தோட்டக்காரனுக்குப் புரட்டாசியே ஆயத்த மாதம்.

ஓய்வறியாத தோட்டம்

இந்த விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. பெரியாழ்வார் வடபத்ரசாயிக்குப் பூமாலை தொடுப்பதற்காக நந்தவனம் அமைத்த ஊர் அது. துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்ததாகச் சொல்லும் நந்தவனம் கோயிலுக்கு அருகே இன்றும் இருக்கிறது. புரட்டாசியில் திருமலைப் பிரம்மோத்ஸவத்தின் கருட சேவைக்கு, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து செல்கிறது. மாலை புறப்பட்டுப் போய்விட்டது என்று தோட்டத்துக்கு விடுமுறை கிடைப்பதில்லை. ஆண்டாளின் கையில் அமரும் கிளியைத் தினந்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். அதன் மூக்குக்கு மாதுளம்பூ வேண்டும். உடலுக்கு மரவள்ளி இலை வேண்டும். அடைமழை பெய்தாலும் கிளி ஒரு நாளும் தவறக்கூடாது. வருஷம் முழுவதும் தர வேண்டிய தோட்டத்தை மழைக்கு முன்பே காப்பாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் செய்யத்தக்கவை

கத்தரி, வெண்டை முதலியவை பலன் கொடுத்து ஓய்ந்தவுடன், நோயுற்ற செடிகளை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது முதல் வேலை. அவற்றை எருக்குழியில் போட்டால் நோயைச் சேமித்து வைத்ததாக முடியும். பிறகு மண்ணைக் கொத்திச் சில நாள் வெயிலில் ஆறவிடவேண்டும். மலையோரத்துச் செம்மண்ணில் தண்ணீர் விரைவில் இறங்கிவிடும். கிழக்கே போகப் போகக் காணும் கரிசலிலோ நாட்கணக்காக நிற்கும். மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. இதற்குப் பரிகாரம் மேட்டுப்பாத்தியும், பாத்திகளுக்கு இடையே வடிகாலுந்தான். ஒரு சாண் உயரமான பாத்தி அநேக மருந்துகளுக்குச் சமானம்.

பால்கோவாவுக்குப் பேர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கறவை மாடுகளுக்குக் குறைவில்லை. ஆகையால் மக்கிய சாணி எருவைத் தேடி அலைய வேண்டாம். எளிதில் கரையும் ரசாயன உரத்தை மழைக்கு முன் இட்டால், போட்ட காசு வடிகாலோடு போய்விடும். மக்கிய எருவோ மண்ணோடு நிற்கும்.

பப்பாளி இரண்டு நாள் தேங்கிய நீரையும் பொறுக்காது; அதன் அடியில் மண் அணைத்து மேடாக்கவேண்டும். முருங்கைக் கிளை காற்றில் முறியும். முன்பே வெட்டிவிடுவது நலம். வாழைக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். குண்டுமல்லியை மாத்திரம் அவசரப்பட்டு வெட்டலாகாது. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்தால் கோடையில் பூத்துக் குலுங்கும். ராஜபாளையத்தின் கீர்த்தி மாமரத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்தபின் காய்க்கும் மாமரத்துக்கு நீர் பாய்ச்சாமல் விடவேண்டும். குளிரும் வறட்சியும் சேர்ந்தால்தான் அது பூக்க மனம் வைக்கும்.

மாடிக் குடில்

இக்காலத்தில் அநேக வீடுகளின் மாடியில் பச்சை நிழல்வலைக் குடில் இருக்கிறது. அதுவே நம் ஊர்க் கண்ணாடி வீடு. கோடையில் உயிர் காத்த அந்த வலை, மேகம் மூடிய நாட்களில் வெளிச்சத்தை மறைத்து, நாற்றுகளை வெளுத்து நீளச் செய்துவிடும். ஆகையால் அதைச் சுருட்டி வைப்பதோ, காற்றில் பிய்யாமல் இழுத்துக் கட்டி ஒரு பக்கம் திறந்துவிடுவதோ நல்லது. நெகிழித் தாள் வேய்ந்த குடிலாயின், தாளின் மேல் படிந்த தூசியையும் பாசியையும் கழுவவேண்டும். கதவையும் சாளரத்தையும் பகலில் திறந்து வைக்கவேண்டும். வெள்ளைக்காரர் வெப்பம் வெளியேறாதபடி இடுக்கை அடைக்கிறார். நாமோ ஈரம் வெளியேறும்படி இடுக்கைத் திறக்கிறோம். அடைபட்ட ஈரக் காற்றில் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் பரவும். தொட்டிகளின் துளைகளைக் குத்திவிட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் மாடித் தளமும் பிழைக்கும்.

விதையே முதல்

எல்லாவற்றிலும் முக்கியமானது விதை. நன்றாய்க் காய்த்த நாட்டுக் கத்தரியில் இரண்டு காய்களை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, புரட்டாசி வெயிலிலேயே காயவைத்துவிடவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் விதை காயாது. ஈரம் ஏறிய விதை முளைக்காது. விதைக்கும்போது, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலக்கும்படி கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லுகிறார்கள். வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் விளையாது. அதை நம்பினால் வருஷந்தோறும் கடைக்காரரையே நம்பவேண்டும். நாட்டு விதையைப் போற்றுகிற வீடு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

1946-ல் தேசத்தில் உணவுத் தட்டுப்பாடு நெருங்கியபோது, பூந்தோட்டங்களிலும் உணவுப்பயிர் விளைக்கவேண்டுமென்று காந்தியடிகள் சொன்னார். சுயராஜ்யத்தின் ஒரு சிறு துண்டு ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் கிடக்கிறது என்பதே அதன் கருத்தென்று நாம் கொள்ளலாம். அத்துண்டுக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டாம்; ஒரு மண்வெட்டியும், புரட்டாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இவ்வளவையும் செய்துவைத்த குடும்பத்தில், தைப்பொங்கலன்று பானையருகே வைக்கும் அவரைக்காயும் கொத்துமல்லியும் சொந்தத் தோட்டத்தில் பறித்தவையாக இருக்கும்.