வினாடிக்கு முந்நூறு படம் தேவையா?

2024 மே 29-ந் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி வெயில் பதிவாயிற்று. எழுபத்தொன்பது ஆண்டுகளில் இல்லாத வெயில் என்றார்கள். மயூர் விஹாரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. கூலர் இருந்த அறையில் நாங்கள் படுத்திருந்தோம். உள்ளறையில் என் அக்கா மகன் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பின் முன் நின்றது போல் அனல் அடித்தது.

"மாமா, முந்நூறு வருது பாருங்க!" என்றான், திரையின் மூலையில் ஓடிய எண்ணைக் காட்டி. வினாடிக்கு முந்நூறு பிரேம், அதாவது முந்நூறு படம். நம் சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம் போதுமாக இருந்தது என்பதை அவனிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சினிமாவில் நாம் பார்க்க மட்டும் செய்கிறோம். இங்கே கை அசைவுக்கு ஏற்பப் படம் அசைய வேண்டும், இரண்டும் ஒன்றா என்று கேட்டான். நியாயந்தான்.

ஆனால் அடுத்த மாதம் மின்சார பில் வந்தபோது நியாயம் என் பக்கம் திரும்பியது. 409 யூனிட்!

டில்லிவாசிகளுக்கு இந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் டில்லி அரசு தொடங்கிய சலுகைப்படி 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 வரை பாதிக் கட்டணம், 800 ரூபாய் வரை தள்ளுபடி. 400-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மாதத் தள்ளுபடி முழுவதும் போய்விடும். ஒன்பது யூனிட்டுக்காக நாங்கள் எண்ணூறு ரூபாய் இழந்தோம். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கம்ப்யூட்டரையே விற்றுவிடலாம் என்று என் மனைவி சொன்னது பையன் காதிலும் விழுந்தது. அதன் கிராபிக்ஸ் கார்டு, அக்கா சீட்டு எடுத்து அனுப்பிய பணத்தில் நேரு பிளேஸில் வாங்கியது.

சாந்தினி சவுக்கை ஒட்டிய பாகீரத் பேலஸ் மின்சாமான் கடைகளில், பிளக்கில் செருகி வாட் கணக்குப் பார்க்கும் சிறு மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். கட்டுப்பாடு இல்லாமல் ஆடும்போது கம்ப்யூட்டரும் மானிட்டருமாகச் சேர்ந்து 310 வாட் இழுத்தன. வினாடிக்கு 75 படம் என்று வரம்பு வைத்தால் 190. வித்தியாசம் 120 வாட். தினம் நாலு மணி நேரம், முப்பது நாள் என்றால் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். நாலரை ரூபாய் விகிதத்தில் பார்த்தால் மாதம் அறுபத்தைந்து ரூபாய்தான். இதற்காக யாரும் சண்டை போட வேண்டாம். எங்களைப் போல் 400-க்கு விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டுமே இது எண்ணூறு ரூபாய் விவகாரம். அனல் விஷயம் வேறு. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். 310 வாட் என்றால் பழைய நூறு வாட் குண்டு பல்புகள் மூன்றை மே மாதத்தில் மூடிய அறைக்குள் எரியவிட்டதற்குச் சமம்.

மானிட்டர் என்னும் நடைமேடை

ஏன் 75? அவனுடைய மானிட்டர் வினாடிக்கு 75 தடவைதான் திரையைப் புதுப்பிக்கும். புது டில்லி ஸ்டேஷனில் 16 நடைமேடை. அதற்கு மேல் வண்டி வந்தால் அவுட்டரில் நிற்க வேண்டியதுதானே, மிச்சப் படங்களும் அப்படித்தானே என்று என் உத்தியோகப் புத்தியில் கேட்டேன்.

"நிக்காது மாமா. நின்ன வண்டி மேலேயே அடுத்த வண்டி ஏறிடும்" என்றான்.

திரையின் மேல் பாதியில் ஒரு படமும் கீழ் பாதியில் அடுத்த படமுமாகக் கிழிந்து தெரிவதைத்தான் அப்படிச் சொன்னான். ஆனாலும் முந்நூறில் ஆதாயம் உண்டு என்பது அவன் கட்சி. 75 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 13 மில்லி வினாடி இடைவெளி. 300 என்றால் 3. திரைக்கு வருவது எப்போதும் புதிய படமாக இருக்கும். எதிரி மூலை திரும்பும்போது அந்தப் பத்து மில்லி வினாடி உதவும் என்கிறான். பந்தயமாக ஆடுபவர்களுக்கு இது உண்மை. நான் மறுக்கவில்லை.

மறு பக்கமும் உண்டு. கார்டு தன் முழுச் சக்தியில் திணறும்போது, வரைய வேண்டிய வேலை அதன் வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. அங்கே அவுட்டர் சிக்னல் கதைதான். அப்போது வரம்பைச் சற்றுக் குறைத்தால் வரிசை கரைந்து கை அசைவு இன்னும் சீக்கிரம் திரைக்கு வரும். கதை சொல்லும் விளையாட்டுகளில் எண்ணிக்கை 60-க்கும் 140-க்கும் இடையே ஊசலாடுவதைவிட ஒரே சீராக ஓடுவதே கண்ணுக்கு இதம்.

நேரு பிளேஸில் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்யும் திருச்சிக்காரர் வேறொரு எச்சரிக்கை தந்தார். ஆட்டத்தை விட மெனுத் திரையைக் கவனியுங்கள் என்றார். அங்கே வரைய அதிகம் இல்லாததால் கட்டுப்பாடில்லாத கார்டு வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வெறும் மெனுவையே வரைந்து தள்ளும். 2010-ல் ஸ்டார்கிராப்ட் 2 வெளிவந்தபோது இதனால் கார்டுகள் சூடேறுவதாகப் புகார் எழ, பிளிசார்ட் நிறுவனமே வரம்பு வைக்கும் வழியைச் சொல்லிற்று. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனை ஆட்டத்தில், விலை உயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில செத்தே போயின. அமேசான் மெனுவுக்கு வரம்பு போட்டது. கார்டு தயாரித்த இ.வி.ஜி.ஏ. நிறுவனம், சில கார்டுகளில் பற்றவைப்பு சரியில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டது. நல்ல கார்டு இதனால் சாகாது; ஆனால் நம் கார்டின் பற்றவைப்பை நாம் பிரித்துப் பார்த்தா வாங்கினோம்?

செய்முறை எளிது. என்விடியா கார்டானால் கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் பிரேம் ரேட்' என்ற இடம், 2020 முதல் இருக்கிறது. ஏ.எம்.டி. கார்டுக்கு 'ராடியான் சில்'. வாலரன்ட் விளையாட்டிலேயே மெனுவுக்குத் தனி, பின்னணியில் கிடக்கும்போது தனி, எப்போதைக்கும் தனி என்று வரம்புகள் உண்டு.

எங்கள் வீட்டு உடன்படிக்கை இதுதான்: மெனுவுக்கும் பின்னணிக்கும் 30, மற்ற விளையாட்டுகளுக்கு 75. ஞாயிறு மாலை கல்லூரி நண்பர்களோடு பந்தயம் ஆடும் இரண்டு மணி நேரம் மட்டும் வரம்பு கிடையாது. ஜூன் 19-ல் டில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட் என்று உச்சம் தொட்ட அந்த மாதக் கணக்குக்கு எங்களுக்கு வந்த பில் 391 யூனிட். பையன் அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "அத்தை, ஒன்பது யூனிட் பாக்கி இருக்கு" என்றான்.