டிவியில வசனம் ஏன் கேக்க மாட்டேங்குது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு சினிமாவும் டெக்னாலஜியும் சேர்ந்து நம்மளைக் கடுப்பேத்துற ஒரு விஷயம். வீட்டுல படம் பாக்கும்போது ரிமோட்டைக் கீழ வைக்க முடியுதா? ரெண்டு பேர் பேசினா ஒண்ணும் புரியலை, வால்யூமை 40க்கு ஏத்துறோம். அடுத்த செகண்ட் ஹீரோ கதவை உதைக்கிறார், பிஜிஎம் அடிக்குது, பக்கத்து ரூம்ல தூங்குற குழந்தை எழுந்திருச்சு அழுவுது. உடனே 15க்கு இறக்குறோம். ரெண்டரை மணி நேரமும் இதே வேலை.

இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா சிலர் "அனிருத் மேலதான் தப்பு"ன்னு சொல்றாங்க, சிலர் "டிவி சரியில்லை"ன்னு சொல்றாங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா "எனக்குக் காது போயிடுச்சு போல"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிடறாங்க. இந்த மூணாவது ஆளுக்காகத்தான் இந்த எபிசோடு. எது படத்தோட தப்பு, எது டிவியோட தப்புன்னு பிரிச்சுப் பாத்துட்டா, பாதிப் பிரச்சினையை இன்னைக்கு ராத்திரியே காசு செலவில்லாம சரி பண்ணிடலாம்.

முதல்ல தியேட்டர்

ஒரு படத்தோட கடைசி ஒலிக்கலவை, அதாவது ஃபைனல் மிக்ஸ், தியேட்டர் மாதிரியே கட்டின ஒரு அறையில நடக்குது. அங்க ஒலிக்கு ஒரு அளவுகோல் இருக்கு. திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 85 டெசிபல்னு அளவு வெச்சு, அதுக்கு மேல இன்னும் 20 டெசிபல் இடம் விட்டு வைப்பாங்க. வெடிகுண்டு வெடிச்சா 105 வரைக்கும் போகலாம். 10 டெசிபல் கூடினா நம்ம காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும். அப்போ 20 டெசிபல்னா நாலு மடங்கு. கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவுல அவ்வளவு பெரிய இடைவெளி. இருட்டுல, அமைதியா, சத்தத்துக்குன்னே தயார் பண்ணின சுவருக்குள்ள உக்காந்திருக்கும்போது அந்த இடைவெளிதான் சுகமே. விக்ரம் படத்தோட இடைவேளைக் காட்சியை 2022ல தியேட்டர்ல பாத்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

இன்னொரு விஷயம். 5.1னு போட்டிருக்கும் பாத்திருப்பீங்க. இடது, நடு, வலது, பின்னாடி ரெண்டு பக்கம், ஆக 5. அந்த .1 அடிவயிறு அதிர்ற சத்தத்துக்கான சப்வூஃபர். இதுல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல மட்டும்தான் வரும். இசையும் சண்டையும் மத்த ஸ்பீக்கர்ல பிரிஞ்சு போயிடும். பேசறவருக்குன்னு ஒரு தனி வாசல் இருக்கு, அதனாலதான் தியேட்டர்ல அத்தனை இரைச்சலுக்கு நடுவுலயும் வசனம் தப்பிச்சு வந்துடுது.

வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகுது?

உங்க டிவியில பெரும்பாலும் ரெண்டே ஸ்பீக்கர். அஞ்சு வாசல்ல வந்த கூட்டத்தை ரெண்டு வாசல்ல அனுப்பணும். அதனால நடு ஸ்பீக்கரோட வசனத்தை வழக்கமா 3 டெசிபல் குறைச்சு இடதுலயும் வலதுலயும் கலக்கிடுவாங்க. பின்பக்கச் சத்தமும் அதே ரெண்டுலதான் வந்து சேரும். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல நின்னு போன் பேசற கதை. பேசறவர் பேசிட்டுதான் இருக்கார், உங்களுக்குத்தான் பிரிச்சுக் கேக்க முடியலை.

அந்த ஸ்பீக்கராவது நம்மளைப் பாத்து இருக்கான்னா அதுவும் இல்லை. பழைய டயனோரா, சாலிடேர் காலத்துப் பெட்டி டிவியில ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது. இப்போ டிவி விரல் மொத்தம்தான். ஸ்பீக்கரைக் கீழ பாத்தோ, சுவரைப் பாத்தோ வெச்சிடறாங்க. வசனம் முதல்ல டிவி ஸ்டாண்டுக்குக் கேக்குது, அப்புறம்தான் நமக்கு. நம்ம ஹால்ல டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேல அஞ்சுல சுத்துற ஃபேன். எதிரொலி ஒரு பக்கம், காத்துச் சத்தம் ஒரு பக்கம்.

ஓ.டி.டி. கணக்கு தனி. நெட்ஃபிளிக்ஸ் தனக்குத் தர்ற படங்கள்ல வசனத்தோட சராசரி அளவு -27ன்னு ஒரு எண்ணுல இருக்கணும்னு விதி வெச்சிருக்கு. யூடியூப்ல அது சுமார் -14. ரெண்டும் ஒலியோட உரப்பை அளக்கிற எண்கள்தான், பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகப் போக சத்தம் அதிகம். அதனாலதான் யூடியூப் பாத்துட்டு அப்படியே படத்துக்கு மாறினா எல்லாரும் ரகசியம் பேசற மாதிரி இருக்கு. படம் முடிஞ்சு திரும்ப யூடியூப் போனா வீடு அதிருது. இதுல நெட்ஃபிளிக்ஸ் தப்பு எதுவும் பண்ணலை. வெடிச்சத்தத்துக்கு மேல இடம் வேணும்னா வசனத்தைக் கீழதான் வைக்கணும். ஆனா அந்த இடம் உங்க ஹாலுக்கு வேணுமான்னு யாரும் உங்களைக் கேக்கலை.

அப்போ படத்து மேல தப்பே இல்லையா?

இருக்கு. அதையும் மறைக்காம பேசிடலாம்.

நோலனோட டெனெட் எனக்குப் பிடிச்ச படம். ஆனா முகமூடி போட்டுக்கிட்டு, பின்னாடி இசை இடிச்சுக்கிட்டு இருக்கும்போது கதையோட முக்கியமான விதியை விளக்குறது எனக்கு ஒத்துவரலை. இன்டர்ஸ்டெல்லர் வந்த 2014லயே இந்தப் புகார் வந்தது. வசனத்தைச் சில இடத்துல ஒரு ஒலி மாதிரிதான் பயன்படுத்துறேன்னு அவரே விளக்கம் சொல்லியிருக்கார். உணர்ச்சிக் காட்சிக்கு அது சரி. புதிர்ப் படத்துல புதிரோட விடையைப் புதைச்சா எப்படி?

நம்ம ஊர்ல அந்தச் சாக்கும் கிடையாது. ஹாலிவுட்ல முடிஞ்ச வரைக்கும் ஷூட்டிங்ல பதிவான குரலையே வெச்சுக்குவாங்க, நோலன் அதுல ரொம்பப் பிடிவாதம். தமிழ்ல பெரும்பாலான படங்களுக்கு அமைதியான ஸ்டுடியோவுல உக்காந்து டப்பிங் பண்றாங்க. குரல் கைக்கு வரும்போதே சுத்தமா இருக்கு. அதுக்கப்புறமும் வசனம் புரியலைன்னா, அதுக்கு மேல எதையோ கொண்டுவந்து கொட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

2024 நவம்பர்ல கங்குவா வந்தப்போ இது வெளிப்படையாவே வெடிச்சது. தியேட்டர்லயே தாங்க முடியலைன்னு ஜனங்க சொன்னாங்க. தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா, வால்யூமை 2 புள்ளி குறைக்கச் சொல்லி தியேட்டர்காரங்ககிட்ட கேட்டிருக்கிறதா பேட்டி கொடுத்தார். ஆஸ்கர் வாங்கின ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, இதுக்கு ஒலிக்கலைஞரைக் குறை சொல்றதா, இல்லை பதட்டத்துல கடைசி நேரத்துல பண்ணச் சொல்ற திருத்தங்களைக் குறை சொல்றதான்னு கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் சரியாப் படுது. காட்சி நிக்கலையோன்னு சந்தேகம் வந்தா சத்தத்தை ஏத்திடறாங்க. சாப்பாட்டுல ருசி இல்லைன்னா காரத்தைக் கொட்டுற மாதிரி. இப்படிப்பட்ட படத்தை உங்க டிவியில எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.

அதே 2024ல வந்த மெய்யழகனைப் பாருங்க. ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசறாங்க, அதுதான் படம். வசனத்தை நம்பின படம், அதனால இசை வழிவிட்டு நிக்குது. சுமாரான டிவியிலகூட முழுசாக் கேக்குது. உங்க டிவியைச் சோதிக்க இது நல்ல படம். இதுலயே வசனம் புரியலைன்னா பிரச்சினை உங்க வீட்டுல இருக்கு.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை

எங்க அப்பாவுக்கு 61 வயசு. ஒரு வருஷமா, நாங்க படம் போட்டா அரை மணி நேரத்துல "நீங்க பாருங்கப்பா, எனக்குத் தூக்கம் வருது"ன்னு எழுந்து போயிடுவார். மனுஷனுக்கு சினிமாவே பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சோம். அம்மாதான் விஷயத்தைச் சொன்னாங்க: "என்ன சொன்னான், என்ன சொன்னான்னு உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்க அவருக்குக் கூச்சமா இருக்குடா." காதைப் பரிசோதிச்சோம். வயசுக்கு ஏத்த லேசான குறைவுதான், கருவி எதுவும் வேண்டாம்னுட்டாங்க.

வயசானா முதல்ல மங்கிறது உச்ச அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்தோட பலம் கீழ் அதிர்வெண்ல இருக்கு, அது நல்லாவே கேக்கும். ஆனா ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தைகிட்டேர்ந்து பிரிக்கிற மெய்யெழுத்தோட அடையாளம் மேல இருக்கு. பாட்டு, காட்டு, தாட்டு. இதுல 'ஆட்டு' மட்டும் காதுல விழுந்தா மூளை மீதியை ஊகிக்கணும். அமைதியில ஊகிச்சிடும். பின்னாடி டிரம்ஸ் ஓடிக்கிட்டு இருந்தா முடியாது. சத்தம் கேக்குது, வார்த்தை புரியலைன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான்.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு. டிவியோட ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்குன்னா, படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறங்க. "தமிழ் 5.1"னு ஒண்ணும் வெறும் "தமிழ்"னு ஒண்ணும் இருந்தா வெறும் தமிழை எடுங்க. அது ரெண்டு ஸ்பீக்கருக்குன்னே தயாரானது.

ரெண்டு. டிவியோட சவுண்ட் செட்டிங்ல சரவுண்ட், பாஸ் பூஸ்ட் இதெல்லாம் அணைச்சிடுங்க. இல்லாத ஸ்பீக்கரை இருக்கிற மாதிரி காட்டப் போய் வசனத்தைக் குழப்பும். கிளியர் வாய்ஸ், டயலாக்னு எந்தப் பேர்ல இருந்தாலும் அதைப் போடுங்க.

மூணு. நைட் மோட், ஆட்டோ வால்யூம்னு ஒண்ணு இருக்கும். சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். சண்டைக் காட்சியோட கெத்து கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ரிமோட்டைக் கீழ வைக்கலாம்.

நாலு. சவுண்ட்பார் வாங்கப் போறீங்கன்னா வாட்ஸைப் பாக்காதீங்க, முதல் எண்ணைப் பாருங்க. 2.1னா நடு ஸ்பீக்கர் கிடையாது, தடதடப்பு மட்டும் கூடும். 3.1னா வசனத்துக்குத் தனி வாசல் திரும்பக் கிடைக்கும். அப்போ ஆடியோ மெனுவுல 5.1ஐ எடுக்கலாம். நடு ஸ்பீக்கரை மட்டும் தனியா ஏத்த முடியுமான்னு கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

அஞ்சு. கனமான திரைச்சீலை, தரையில ஒரு ஜமக்காளம். எதிரொலி கொஞ்சம் அடங்கும்.

முதல் மூணை மட்டும் எங்க வீட்டுல மாத்தினேன். அதுக்கே சவுண்ட் மெனுவுக்குள்ள அஞ்சு அடுக்கு இறங்க வேண்டியிருந்தது. அப்பா மெய்யழகனை ஒரே மூச்சுல பாத்தார், நடுவுல யாரையும் எதுவும் கேக்கலை. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்து எல்லா செட்டிங்கையும் பழையபடி மாத்திட்டு, முகப்புல புதுசா ஒரு வரிசை விளம்பரத்தையும் வெச்சிட்டுப் போச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லலை, பேரைச் சொல்லி ஆகப் போறது ஒண்ணுமில்லை.

நானும் சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவன்தான். பெரும்பாலான ஜனங்க டீஃபால்ட்டைத் தொடவே மாட்டாங்கன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அதனால டீஃபால்ட்டுங்கிறது யாரோ உக்காந்து எடுத்த முடிவு. டிவியில அந்த முடிவு ஷோரூமுக்காக எடுக்கப்படுது. பக்கத்து டிவியை விடப் பளிச்சுன்னு, பக்கத்து டிவியை விட அதிரும்படி. முதல் தடவை டிவியைப் போடும்போது "வசனம் தெளிவா இருக்கணுமா, அதிரடியா இருக்கணுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். வைஃபை பாஸ்வேர்டு கேக்கத் தெரிஞ்ச டிவிக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

ஓ.டி.டி. கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கு, தமிழ்ல இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச, காது மந்தமான ஒருத்தர் தமிழ்ப் படம் பாக்க இங்கிலீஷ் கத்துக்கணுமா? காது கேக்காதவங்களும் பாக்கிற மாதிரி தியேட்டர்கள்ல வசதி வேணும்னு மத்திய அரசு 2024 மார்ச்ல வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கு. வீட்டுத் திரைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதனால வீட்டுல யாராவது "என்ன சொன்னான்?"னு கேட்டா, "காது கேக்கலையா?"ன்னு திருப்பிக் கேக்காதீங்க. படத்தை நிறுத்துங்க, ஆடியோ மெனுவைத் திறங்க. ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த எபிசோடுல பாப்போம்.