மலை இறங்கும் சைக்கிளுக்கு எந்த டிஸ்க் பிரேக்?

நெம்மேலியில் சைக்கிள் ஓட்டுகிறவன் பிரேக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை உள்ளங்கையைப் போல் சமதளமானது. கடற்காற்று எதிரே அடித்தால், மிதிப்பதை நிறுத்தினாலே வண்டி நின்றுவிடும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியின் பிரேக் கட்டையை ஒரு முறைகூட மாற்றாமல் கல்லூரிப் படிப்பையே முடித்தவர்கள் உண்டு. இந்தப் பழக்கத்தோடு கொல்லிமலைக்குப் போனது என் தவறு.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். நானும் என் நண்பனும் இரவல் வாங்கிய இரண்டு மலைச் சைக்கிள்களில் ஏறினோம். இரண்டிலும் டிஸ்க் பிரேக் இருந்ததால் இறங்குவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பாதி மலை இறங்குவதற்குள் என் பிரேக்கிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் கல்லைப் போல் இறுகி நின்றதே தவிர, வண்டியின் வேகம் குறையவில்லை. நண்பனுக்கு நேர் எதிரான சங்கடம். அவன் லீவர் பஞ்சாகி ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. இருவரும் மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதித்தான் நின்றோம். முழங்கைத் தோலோடு போயிற்று.

ஒரே மலை, ஒரே வெயில். பழுது மட்டும் ஏன் இரண்டு விதம்? ஊர் திரும்பியதும் அதைத்தான் தேடிப் படித்தேன்.

பிரேக் வேகத்தை அழிப்பதில்லை. அதை வெப்பமாக மாற்றுகிறது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடை, 1000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். விடுபடும் ஆற்றல் சுமார் 8,82,000 ஜூல். இது 30 டிகிரியில் உள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதில் ஒரு பங்கைக் காற்றின் தடை வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு வளைவு மெதுவாக இறங்குகிறவனுக்குப் பெரும்பங்கு பிரேக்கின் தலையில்தான். ரிம்மைக் கவ்வும் பிரேக்கானால் அந்தச் சூடு டியூபுக்கே போய், டயர் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக்கில் சூடாவது சக்கரத்தின் நடுவிலுள்ள தகடு, டயருக்கு ஆபத்தில்லை.

இந்தத் தொல்லை புதியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஒரு மலைச் சரிவில் 1976இல் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக்குகள் அவை. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மீண்டும் அடைக்க வேண்டும். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்றே பெயர் வந்துவிட்டது!

இனி என் கதை. என் வண்டியின் பிரேக் பேடுகள் ரெசின் வகை. சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிப்பவை, ஊருக்குள் ஓட்ட உத்தமமானவை. சூடு மிஞ்சினால் அவற்றின் பிடிப்பு குறைந்துவிடும். லீவர் இறுகியே இருக்கும். உலோகத் துகள்களை இறுக்கிச் செய்த பேடுகள் சூட்டையும் மழையையும் தாங்குபவை, சீக்கிரம் தேயாதவை. கிரீச்சென்று கத்துவது அவற்றின் குறை. மலைக்கு நான் கத்துவதையே வாங்குவேன். ஒன்று கவனிக்க: மலிவான சில தகடுகளில் ‘ரெசின் பேடு மட்டும்’ என்று பொறித்திருப்பார்கள். அவற்றோடு உலோகப் பேடு சேரக் கூடாது.

நண்பனுடையது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். சூட்டில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், லீவர் குமிழைத்தான் அமுக்கும், பேடு நகராது. இதற்கு இரண்டு வகைத் திரவங்கள் உண்டு. மோட்டார் வண்டிகளில் ஊற்றும் டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலைக்கு விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆயினும் எப்படியோ நீர் புகுந்துவிட்டால் அது தனியே தங்கி, 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே எதுவானாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நலம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் பாழாகும். நம்மைப் போல் கடலோர ஈரக்காற்றில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு மினரல் ஆயில் பிரேக்கே பொருத்தம் என்பது என் கருத்து.

தகட்டின் அளவையும் பார்க்க வேண்டும். சாதாரண மலைச் சைக்கிளில் 160 மி.மீ. தகடு இருக்கும், ‘டவுன்ஹில்’ பந்தய வண்டிகளில் 200 முதல் 220 வரை. பெரிய தகட்டில் அதே விரல் அழுத்தத்துக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதல் பிடி கிடைக்கும். சூடும் பரவலாக ஆறும். முன் சக்கரத்தில்தான் பெரியது வேண்டும், ஏனெனில் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. ஆனால் ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் வரையறுத்திருப்பார்கள். அதை மீறக் கூடாது. காலிப்பரில் இரண்டு பிஸ்டனுக்குப் பதில் நான்கு இருந்தால் பேடும் பெரிது, பிடியும் பெரிது. கரடுமுரடான சரிவில் பந்தயம் விடுகிறவர்களுக்கு நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக்கைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன்.

ஆண்டுக்கொரு முறை மலைக்குப் போகும் மாணவனுக்கு அத்தனை செலவு எதற்கு? ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக்கே போதும். முன்னால் 180 மி.மீ. தகடு, உலோகப் பேடு. ஒயர் அறுந்தால் எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் வேறு போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் பிரேக்குக்கு அந்த வசதி கிடையாது. உப்புக்காற்றில் ஒயர் துருப்பிடித்து இறுகும் என்பதால், புறப்படுமுன் புது ஒயர் மாட்டுவது நல்லது. துரு விடுகிறதே என்று பிரேக் பக்கம் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். ஒரு துளி பேடில் பட்டால் பிடிப்பே போய்விடும்.

புதுப் பேடு போட்டவுடன் மலையேறவும் கூடாது. சமதளத்தில் வேகமாக ஓட்டி, முழுதும் நிற்காமல் வேகத்தை மட்டும் தணித்து, இருபது முறையாவது பழக்க வேண்டும். இதற்கு நம் சாலையை விடச் சிறந்த இடம் இல்லை. விடியற்காலையில் வாகனமும் குறைவு. அப்போதே எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வழக்கமாக வலது கை முன் சக்கரத்துக்கு. இறக்குமதியான சில வண்டிகளில் மாறியிருக்கும்.

சென்ற மாதம் மீண்டும் கொல்லிமலை போனோம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வேகம் தணிந்ததும் விட்டு, தகடு ஆற நேரம் கொடுத்து இறங்கினோம். முதல் தடவை லீவரை விடாமலே பிடித்துக்கொண்டு வந்திருந்தோம். இம்முறை நாற்றம் எதுவும் வரவில்லை. காரவள்ளியில் இறங்கியதும் தகட்டின் மேல் தண்ணீர்ப் புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். சொய்யென்று ஆவியாயிற்று.