பூமிக்கடியில் கரியமில வாயு: அமெரிக்கச் சட்டங்களும் நிலச் சொந்தக்காரரும்

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் உண்டாகும் கரியமில வாயு ஆகாயத்தில் வரவர மிகுந்து, பூமியின் உஷ்ணத்தை உயர்த்தி வருகின்றது. கோடையின் வெப்பம் மிகுவதும், மழை ஒருமுறை பொய்த்து ஒருமுறை அளவின்றிப் பெய்வதும் பயிர்த்தொழிலை நேரே தாக்குவன. ஆதலின் இவ்வாயுவைக் குறைக்கும் வழி எதுவாயினும், அது விவசாயிகளைப் பற்றிய விஷயமேயாகும். அவ்வழிகளுள் ஒன்று, வாயுவை ஆலையிலேயே பிடித்துப் பூமியின் ஆழத்தில் அடைத்துவிடுவது. இம்முறையின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டங்கள் எவ்வாறு துணை செய்தன என்பதையும், அச்சட்டங்களால் வயலை உடையவர்களுக்கு நேர்ந்தது யாது என்பதையும் ஈண்டுக் கூறுவோம்.

வாயுவைப் புதைக்கும் முறை

கரியமில வாயு நமக்குப் புதியதன்று. சோடாத் தண்ணீரில் பொங்குவது அதுவே. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலும் தானியக் குழியிலும் தங்கி, உள்ளே இறக்கிய விளக்கை அணைப்பதும் அதுவே. காற்றைவிடக் கனமானதாகலின் பள்ளமான இடங்களில் தேங்கி நிற்பது அதன் இயல்பு.

மின்சார நிலையங்களின் புகையில் இவ்வாயு மற்ற வாயுக்களுடன் கலந்திருக்கிறது. அதனை ஒருவகை இரசாயனத் திரவத்தில் கரையச் செய்து, பின்னர் அத்திரவத்தைச் சூடாக்கிப் பிரித்தெடுக்கின்றனர். இதற்கு ஆகும் செலவு மிக அதிகம். எரிசாராய ஆலைகளில் மக்காச்சோளம் புளிக்கும்பொழுது வெளிப்படும் வாயுவோ பெரும்பாலும் கலப்பற்றது. அதனைச் சேகரிப்பது எளிது. சேகரித்த வாயுவைத் திரவம் போலாகுமாறு அழுத்தி, ஆழ்குழாய்க் கிணற்றின் மூலம் கீழே செலுத்துகின்றனர். அதற்கு இருவகைப் பாறைகள் வேண்டும். கீழே உப்புநீர் ஊறிய, நுண்துவாரங்கள் நிறைந்த மணற்பாறை இருத்தல் வேண்டும். அதன்மேல் வாயு கசியாதபடி மூடிபோல் அமைந்த கெட்டியான களிப்பாறை இருத்தல் வேண்டும்.

ஆராய்ச்சிக்குச் சட்டத்தின் துணை

புதைத்த வாயுவை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சிய எண்ணெயை வெளித்தள்ளுவதற்கு மட்டும் அது ஓரளவு விலைபோகும். ஆதலால் இலாபத்தை நாடும் கம்பெனிகள் தாமாகவே இவ்வாராய்ச்சியில் பெரும் பொருளைச் செலவிடமாட்டா. இக்காரணம் பற்றியே அந்நாட்டின் சட்டசபையாகிய காங்கிரஸ் முன்வர வேண்டியதாயிற்று.

2005-ஆம் வருஷத்து எரிபொருட் சட்டம் வாயுவைப் பிடிக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு திட்டம் வகுத்தது. 2007-ஆம் வருஷத்துச் சட்டம் குறைந்தது 7 இடங்களில் பெரிய அளவில் புதைத்துப் பார்க்க வேண்டுமென்றும், நாட்டிலுள்ள பாறைகளின் கொள்ளளவை நிலவியல் இலாகா மதிப்பிட வேண்டுமென்றும் விதித்தது. 2013-இல் வெளிவந்த அம்மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 3 லட்சம் கோடி டன் வாயு கொள்ளத்தக்க இடம் உண்டு.

பெரிய பரிசோதனைகளுள் ஒன்று, மக்காச்சோளம் மிகுதியாக விளையும் இல்லினாய் ராஜ்யத்தில் டெக்கேட்டர் என்னும் ஊரில் நடந்தது. எரிசாராய ஆலையில் கிடைத்த வாயுவில் சுமார் 10 லட்சம் டன், 2011 நவம்பர் முதல் 2014 நவம்பர் வரையில், ஏறக்குறைய 7,000 அடி ஆழத்திலுள்ள மணற்பாறையில் செலுத்தப்பட்டது. அந்த ராஜ்யத்தின் நிலவியல் ஆராய்ச்சி நிலையம் இதனை நடத்தி, பூமியின் நுண்ணிய அதிர்வுகளையும் நிலத்தடி நீரின் தன்மையையும் கணித்து வந்தது.

2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், ஐந்து ஆண்டுகளில் 600 கோடி டாலருக்கு மேல் இவ்வாராய்ச்சிக்குச் செலவிட அதிகாரமளித்தது. அதிகாரமளிப்பது வேறு, பொக்கிஷத்திலிருந்து தொகையை ஒதுக்குவது வேறு என்பதைக் கிராம அதிகாரிகள் அறிவார்கள். 2021 நவம்பரில் நிறைவேறிய மற்றொரு சட்டமே பணத்தை ஒதுக்கியது. ஆகாயத்திலிருந்து நேரே வாயுவைப் பிடிக்கும் நான்கு கேந்திரங்களுக்கு 350 கோடி டாலரும், புதைக்குமிடங்களைச் சோதித்து அமைப்பதற்கு 250 கோடி டாலரும் அதில் அடங்கும்.

இவையன்றி வரிச்சலுகையும் உண்டு. புதைக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 2008-ஆம் வருஷத்துச் சட்டம் 20 டாலர் வரி குறைத்தது. 2018-இல் இயற்றிய சட்டம் இதனைப் படிப்படியாக 50 டாலராக உயர்த்தியது. 2022-ஆம் வருஷத்துச் சட்டத்தால் இது 85 டாலர் வரை ஏறிற்று.

நிலத்தின் ஆழம் யாருடையது?

வரிச்சலுகை உயர்ந்தவுடன் கம்பெனிகள் நிலத்தைத் தேடிக் கிராமங்களுக்கு வந்தன. அப்பொழுது எழுந்த முதல் கேள்வி, வயலுக்கு ஏழாயிரம் அடி கீழேயுள்ள பாறைத் துவாரங்கள் எவருடைய சொத்து என்பது. பணத்தை வழங்கிய மத்திய சட்டங்கள் இதற்கு விடை கூறவில்லை. நிலவுரிமை அந்நாட்டில் பெரும்பாலும் ராஜ்யங்களின் சட்டத்திற்கு உட்பட்டது. 2008-இல் வயோமிங் ராஜ்யமும், 2009-இல் வடக்கு டக்கோட்டாவும் அவ்விடம் மேல்நிலத்தை உடையவருக்கே சொந்தம் என்று சட்டம் செய்தன. இல்லினாயில் அத்தகைய சட்டம் 2024-இல்தான் வந்தது.

ஆயினும் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. செலுத்திய வாயு வரப்பைப் பார்த்து நிற்பதன்று. அடுத்தவர் நிலத்தின் கீழும் பரவும். ஆகவே பெரும்பகுதியினர் இசைந்தால், இசையாதவர்களுடைய இடத்தையும் நஷ்டஈடு தந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டங்கள் இடந்தந்தன. அப்பெரும்பகுதியை வடக்கு டக்கோட்டாவின் சட்டம் 60 சதவீதம் என்றது. இல்லினாய்ச் சட்டம் 75 சதவீதம் என்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதெனத் தோன்றினும், மறுப்பவருடைய பலம் அதனையே பொறுத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி குழாய்களைப் பற்றியது. 2020 பிப்ரவரி 22-ஆம் தேதி மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் சட்டார்ஷியா என்னும் சிற்றூருக்கருகே, கனமழையால் மண் சரிந்து, இவ்வாயு செல்லும் குழாய் வெடித்தது. எவரும் இறக்கவில்லை, எனினும் சுமார் 200 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர், 45 பேர் சிகிச்சை பெற்றனர். இத்தகைய குழாய்களுக்காக விளைநிலங்களைக் கட்டாயமாக ஆர்ஜிதம் செய்வதைத் தெற்கு டக்கோட்டா 2025 மார்ச்சில் சட்டத்தால் தடுத்தது. குடியானவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டதன் பயன் அது.

மூன்றாவது கேள்வி, கசிவு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது. மேற்கூறிய டெக்கேட்டரில், பரிசோதனைக்குப் பின் தொடங்கிய பெரிய திட்டத்தின் கண்காணிப்புக் கிணறு ஒன்றில் பழுது நேர்ந்து, அனுமதியில்லாத பாறையடுக்கிற்குள் வாயு கலந்த நீர் புகுந்த செய்தி 2024-இல் வெளியாயிற்று. குடிநீர் ஊற்றுகளை அது எட்டவில்லை. எனினும் மறு வருஷமே, பல ஊர்களுக்குக் குடிநீர் அளிக்கும் மஹோமெட் என்னும் நிலத்தடி நீர்ப்பரப்பின் ஊடாக வாயுவைப் புதைத்தல் கூடாதென்று இல்லினாய் சட்டம் இயற்றிற்று. வாயு செலுத்துவதை நிறுத்திய பின்னரும் சாதாரணமாக 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டுமென்பது மத்திய சர்க்காரின் 2010-ஆம் வருஷத்து விதி. ஐம்பது ஆண்டு என்பது தந்தை கையெழுத்திட்ட பத்திரத்திற்குப் பேரன் கட்டுப்படும் காலமாகும்.

கவனிக்க வேண்டியவை

ஆராய்ச்சிக்குப் பொருள் உதவுதல் சர்க்காரின் கடமையே. அஃதின்றி டெக்கேட்டர்ப் பரிசோதனை நடந்திராது. ஆனால் பணத்தைக் கொடுக்கும் சட்டம் முந்தி வந்து, நிலத்தைக் காக்கும் சட்டம் பிந்தி வந்தமையால், இடைப்பட்ட காலத்தில் விவசாயிகள் தாமே வக்கீல்களை நாடவும் சட்டசபைகளில் முறையிடவும் நேர்ந்தது. இரண்டும் உடன் வருதலே முறை.

எந்நாட்டிலாயினும் இத்தகைய பத்திரத்தில் கையொப்பமிடுமுன் நிலத்தை உடையவர் கேட்டறிய வேண்டியவை நான்கு:

1. ஆழத்திலுள்ள இடத்திற்குத் தரும் தொகை ஒரேமுறையா, வருஷந்தோறுமா?

2. குழாயும் கிணறும் அமையுமிடத்தில் உழவுக்கும் பாசனத்திற்கும் தடை உண்டா?

3. கிணற்று நீரைச் சோதிப்பவர் யார்? அதன் செலவு யாரைச் சேர்ந்தது?

4. கம்பெனி கலைந்து போனபின் கசிவுக்கு யார் பொறுப்பு?

இவற்றிற்குப் பத்திரத்திலேயே விடை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வாய்மொழியாகக் கூறிய உறுதி ஐம்பது ஆண்டுகளுக்கு நிற்பதன்று.