25 கிலோவும் 26 கிலோவும்: முடிவு எந்தப் படியில் பிறக்கிறது?

கீழமாசி வீதியானாலும் சரி, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி கடைத்தெருவானாலும் சரி, மளிகைக் கடைகளில் இன்று 26 கிலோ அரிசிப் பையைக் காண்கிறோம். 25 கிலோ என்றால் நூறு கிலோ மூட்டையில் கால் பங்கு. கணக்கெழுதவும் விலை சொல்லவும் வசதியான எடை. 26 கிலோ எந்தக் கணக்கிலும் சேராத எடை. அப்படியிருந்தும் அது சந்தைக்கு வந்து நிலைத்துவிட்டது. இந்த ஒரு கிலோ எப்படி வந்தது என்று பார்த்தால், நம் வியாபாரத்தைப் பற்றிய முடிவுகள் எங்கெங்கே, யார் யாரால், எப்போது எடுக்கப்படுகின்றன என்ற முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கதையை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதல் படி: நம் கடை

எந்தச் சரக்கை எவ்வளவு கொள்முதல் செய்வது, யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது, அடக்கவிலைக்கு மேல் என்ன லாபம் வைப்பது ஆகிய முடிவுகளை எடுப்பவர் கடை முதலாளி. ஒருவரே முடிவெடுப்பதால் காலையில் நினைத்ததை மாலையில் நடத்திவிடலாம். தவறு என்று தெரிந்தால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். வேகமும் எளிதில் திருத்திக்கொள்ளும் வசதியும்தான் இந்தப் படியின் பலம். ஆனால் இந்த முடிவு கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரைத் தாண்டிச் செல்லாது.

இரண்டாம் படி: சங்கம்

விடுமுறை நாள், கடையடைப்பு, மனு கொடுப்பது, மாமூல் தொல்லைக்கு எதிராக ஒன்றுசேர்வது போன்றவை சங்கத்தின் முடிவுகள். இங்கே பெரும்பாலும் ஓட்டெடுப்பு நடப்பதில்லை. நான்கு பேர் பேசுவார்கள், மூத்தவர் ஒருவர் சமாதானம் சொல்வார், எல்லோரும் தலையசைப்பார்கள். இந்த முறையில் மனக்கசப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் பேசத் தயங்கும் சின்னக் கடைக்காரரின் கருத்து பதிவாகாமல் போய்விடுவதும் உண்டு.

சங்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லோரும் இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட முடியாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. விலையைத் தீர்மானிப்பது தனித்தனிக் கடைகளின் உரிமை. சங்கம் விலை விவரம் சேகரிக்கலாம், அரசிடம் வாதாடலாம். விலையைக் கட்ட மட்டும் முடியாது.

மூன்றாம் படி: மாநகராட்சியும் கோட்டையும்

இந்த இரண்டையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். பிளாஸ்டிக் பை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை என்று 2018 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் அரசாணையும் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. முடிவு பிறந்தது சென்னைக் கோட்டையில். ஆனால் கடைக்கு வந்து பைகளைப் பறிமுதல் செய்தவர்கள் மாநகராட்சி ஊழியர்கள். நாம் அவர்களோடு வாதிட்டோம். எந்தப் பை தடைக்குள் வரும் என்பதை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. சோதனைக்கு வரும் முறை, ரசீது கொடுப்பது, அபராதத்தைச் சரியாகக் கணக்கிடுவது ஆகியவற்றில் குறை இருந்தால் மட்டுமே மாநகராட்சியில் முறையிடுவதில் பொருள் உண்டு. சட்டத்தைப் பற்றிய குறைக்கு வாசல் வேறு.

நான்காம் படி: ஜி.எஸ்.டி. மன்றம்

விற்பனை வரியைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் கடைசிப் படி சென்னைதான். 1939-ஆம் ஆண்டு ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம் அது. பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. இவை எல்லாவற்றிலும் விகிதத்தைத் தீர்மானித்தது மாநில அரசு. பட்ஜெட்டுக்கு முன்பு சங்கத் தலைவர்கள் இரவு ரயிலில் சென்னைக்குப் போய் அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தப் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் முடிவெடுக்கும் இடம் மாறியது. அரசியல் சட்டத்தின் 279-ஏ பிரிவின்படி அமைந்த ஜி.எஸ்.டி. மன்றம்தான் இப்போது விகிதங்களைப் பரிந்துரைக்கிறது. இதில் மத்திய நிதியமைச்சர் தலைவர். மத்திய இணையமைச்சர் ஒருவரும், 28 மாநிலங்கள், சட்டமன்றம் உள்ள 3 யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றின் அமைச்சர்கள் 31 பேரும் உறுப்பினர்கள்.

ஓட்டு மதிப்பைக் கவனியுங்கள். மத்திய அரசுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எல்லோரும் வந்து ஓட்டளித்தால் ஒரு மாநிலத்தின் ஓட்டு மதிப்பு ஏறத்தாழ 2.15 சதவீதம். மத்திய அரசு சம்மதிக்காமல் எதுவும் நிறைவேறாது. மத்திய அரசு விரும்பினாலும் குறைந்தது 20 மாநிலங்களின் ஆதரவு வேண்டும். 12 மாநிலங்கள் கைகோத்தால் ஒரு முடிவைத் தடுத்துவிடலாம். தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே ஓட்டுதான். இது நியாயமா என்று 2021 மே மாதம் நடந்த 43-வது கூட்டத்தில் தமிழக நிதியமைச்சரே கேள்வி எழுப்பினார்.

நடைமுறையில் மன்றம் ஓட்டெடுப்புக்குப் போவது மிக அரிது. முதன்முதலாக ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டு வரி விஷயத்தில். மற்றபடி எல்லாம் நம் சங்கத்தைப் போலத் தலையசைப்புதான். அப்படியானால் உண்மையான பேச்சு வேறெங்கோ, அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்றுதானே பொருள்?

அரிசி முடிவு நடந்த விதம்

2022-க்கு முன்பு, பதிவு பெற்ற பிராண்டு பெயரில் பையில் அடைத்து விற்ற அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி இருந்தது. பிராண்டு உரிமையைக் கோருவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வரி இல்லை. இதைப் பயன்படுத்திப் பெரிய பெயர்களும் வரியிலிருந்து விலகின என்பது அரசுத் தரப்பின் குறை.

வரி விகிதங்களைச் சீரமைக்க 2021 செப்டம்பரில் ஓர் அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது. கர்நாடக முதலமைச்சர் தலைவர். மேற்கு வங்கம், ராஜஸ்தான், கேரளம், உத்தரப் பிரதேசம், கோவா, பீகார் ஆகிய மாநிலங்கள் உறுப்பினர்கள். தமிழ்நாடு அதில் இல்லை. 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் நடந்த 47-வது கூட்டத்தில் குழுவின் இடைக்கால அறிக்கை ஏற்கப்பட்டது. பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே அடைத்து லேபிள் இட்ட பைக்கு 5 சதவீத வரி என்று முடிவாகி, ஜூலை 18 முதல் அமலுக்கு வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பைக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் அமலாகும் நாளுக்கு முந்தைய நாள்தான் வெளிவந்தது.

அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்தவர் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினர் பழனிவேல் தியாகராஜன். வணிகவரித் துறை அமைச்சராக இருந்தவர் மதுரை கிழக்குத் தொகுதி உறுப்பினர் பி.மூர்த்தி. இருவருமே நம் ஊர்க்காரர்கள். அமைச்சர்கள் நமக்கு அருகில் இருந்தார்கள். ஆனால் முடிவை உருவாக்கிய மேசையில் நம் மாநிலத்துக்கு நாற்காலி இல்லை. முன்பு சென்னைக்குப் போனால் காரியம் முடிந்தது. இப்போது முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழு அமைந்ததிலிருந்து மன்றம் கூடியது வரை 9 மாதங்கள். மன்றம் முடிவெடுத்ததிலிருந்து அமலானது வரை 19 நாட்கள். வணிகர்களின் குரல் பலமாக ஒலித்தது அந்த 19 நாட்களில்தான். கதவு திறந்திருந்ததோ முந்தைய 9 மாதங்களில்.

மேலே எடுத்த முடிவுக்குக் கீழே கிடைத்த பதில்

மேலே முடிவாகிவிட்டதால் கீழ்ப்படிக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆலைக்காரர்களும் கடைக்காரர்களும் தங்கள் படியில் எடுத்த முடிவுதான் 26 கிலோப் பை. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோப் பை 1,500 ரூபாய். வரி 75 ரூபாய் சேர்த்து 1,575 ரூபாய். 26 கிலோப் பை வரியில்லாமல் 1,560 ரூபாய். அரிசி ஒரு கிலோ கூடுதல், விலையோ 15 ரூபாய் குறைவு! சண்டிகரில் போட்ட கணக்கைச் சந்தை ஒரே கிலோவில் மாற்றிவிட்டது.

ஆனால் இதில் நாம் பெருமைப்பட மட்டும் இடமில்லை. 26 கிலோ வாங்க ஒரே நேரத்தில் 1,560 ரூபாய் கையில் வேண்டும். வாரக் கூலி வாங்கும் குடும்பம் 5 கிலோப் பைதான் வாங்கும். அதற்கு 300 ரூபாயோடு 15 ரூபாய் வரி. வாரம் ஒரு பை என்றால் ஆண்டுக்கு 780 ரூபாய். வசதி உள்ளவருக்கு வரி இல்லை, இல்லாதவருக்கு வரி உண்டு என்றாகிவிட்டது. அந்த வாடிக்கையாளர் மன்றத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது நம் முகத்தை.

அவருக்கு உதவும் வழி நம் கடையிலேயே இருக்கிறது. பெரிய மூட்டையைப் பிரித்து, அவர் எதிரில் எடைபோட்டுச் சில்லறையாகக் கொடுத்தால் வரி இல்லை. இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சிந்தும் அரிசியும் நட்டம்தான். ஆனாலும் பழைய வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள இது நல்ல வழி.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் இரவே ஒரு கிலோ, இரண்டு கிலோவாகக் கட்டி அடுக்கி வைத்து, லேபிள் ஒட்டவில்லை என்பதால் வரி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. வாங்குபவர் எதிரில் இல்லாதபோது குறித்த எடையில் கட்டி வைத்தால், 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி அது முன்கூட்டியே அடைத்த பொருள். சட்டப்படி விவரம் அச்சிட வேண்டிய பை என்றால், அச்சிடாவிட்டாலும் வரி உண்டு. எடையளவு ஆய்வாளரிடமும் வரி அதிகாரியிடமும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்ள நேரும்.

இனி என்ன செய்யலாம்?

2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த 55-வது கூட்டமும் 25 கிலோ வரம்பையே உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 3 அன்று நடந்த 56-வது கூட்டத்தில் சோப்பு, தலை எண்ணெய், பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய் 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்து, செப்டம்பர் 22 முதல் அமலானது. அரிசிப் பையின் வரி மட்டும் அப்படியே நின்றது. விகிதம் மாறவே மாறாது என்பதில்லை. அரிசிக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு நாம் தயாராக வேண்டும். மன்றத்தின் மேசைக்கு ஒரு பொருள் வருவதற்கு முன், மத்திய, மாநில அதிகாரிகள் அடங்கிய விகித நிர்ணயக் குழு அதை அலசுகிறது. அமைச்சர்கள் குழு இருந்தால் அதுவும் பார்க்கிறது. நம் மனு அங்கே போய்ச் சேர வேண்டும். கடையிலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து 1924 முதல் மதுரையில் இயங்கிவரும் தமிழ்நாடு வர்த்தக சங்கம் போன்ற அமைப்புகள், அங்கிருந்து வணிகவரித் துறையும் நிதியமைச்சரும் என்று படிப்படியாக ஏற வேண்டும். குழுவில் இடம்பெற்ற பிற மாநிலங்களின் வணிகர் அமைப்புகளோடும் தொடர்பு வேண்டும். 12 மாநிலங்கள் சேர்ந்தால் தடுக்கலாம் என்ற கணக்கை மறக்க வேண்டாம்.

மனுவில் வெறும் வருத்தம் மட்டும் இருந்தால் போதாது. 5 கிலோ, 10 கிலோ, 26 கிலோப் பைகள் மாதம் எத்தனை விற்கின்றன, 2022-க்கு முன் எத்தனை விற்றன என்பதை ஒவ்வொரு கடையும் தன் பில் புத்தகத்திலிருந்து எடுத்துச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறிய பை வாங்குபவர்தான் இந்த வரியைச் சுமக்கிறார் என்பதை அந்த எண்களே சொல்லும். நூறு கடைகளின் கணக்கு ஒரே தாளில் இருந்தால், அதைத் தள்ளிவிட எந்த அதிகாரியும் யோசிப்பார்.

கல்லாவில் உட்கார்ந்தபடியே நாம் எழுதும் பில்தான் மேல்படிக்குப் போகும் நம் ஓட்டு. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கடந்த மூன்று மாத அரிசி விற்பனை விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.