கந்தீசா (இசைத்தொகுப்பு)

கந்தீசா என்பது தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் என்னும் ராக் இசைக்குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்டுடியோ இசைத்தொகுப்பு (ஆல்பம்) ஆகும். டைம்ஸ் மியூசிக் நிறுவனம் இதனை வெளியிட்டது. இதில் ஏழு உருப்படிகள் உள்ளன. நர்மதைக் கரையின் பாட்டு, மக்கள் இயக்கப் பாட்டு, கேரளக் கிறித்தவர்களின் சிரியாக் துதிப்பாடல் ஆகியவற்றை ராக் இசைக்குள் கொண்டுவந்த தொகுப்பாக இது அறியப்படுகிறது.

பின்னணி

இந்தியன் ஓஷன் 1990-இல் தொடங்கப்பட்டது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1993-இலும், நேரடி நிகழ்ச்சியில் பதிவான 'டெசர்ட் ரெயின்' 1997-இலும் வெளிவந்தன. கந்தீசா உருவானபோது சுஸ்மித் சென் (கிதார்), அஷீம் சக்ரவர்த்தி (தபலா, குரல்), ராகுல் ராம் (பேஸ் கிதார், குரல்), அமித் கிலம் (டிரம்ஸ்) ஆகிய நால்வர் குழுவில் இருந்தனர். டிரம்சுடன் தபலாவும் சேர்ந்து ஒலிப்பது இக்குழுவின் தனித்தன்மை.

மா ரேவா

ரேவா என்பது நர்மதை ஆற்றின் மற்றொரு பெயர். ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பிய பின் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். அப்பள்ளத்தாக்கில் பாடப்பட்டுவந்த பாடலே 'மா ரேவா' ஆனது. ஆற்றைத் தாயாகப் போற்றும் இப்பாடல் வெளிவந்த அதே ஆண்டு, அக்டோபர் 18 அன்று, சர்தார் சரோவர் அணையின் கட்டுமானத்தைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. பாட்டு பிறந்த பள்ளத்தாக்கின் ஊர்கள் பல பின்னர் நீரில் மூழ்கின. அணை 138.68 மீட்டர் உயரத்துடன் 2017-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஹில்லே லே

போஜ்புரி, இந்தி மொழிகளில் எழுதிய இடதுசாரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் பாடலைத் தழுவியது. வட இந்திய மக்கள் இயக்கங்களில் பாடப்பட்ட இப்பாடல், இத்தொகுப்பின் வழியே கல்லூரி மாணவர்களிடமும் பரவியது.

தலைப்புப் பாடல்

'கந்தீசா' என்றால் சிரியாக் மொழியில் 'தூயவர்' என்று பொருள். சிரியாக், அரமேய மொழியின் ஒரு கிளை. கடவுளை மும்முறை தூயவர் என்று போற்றும் பழைமையான துதிப்பாடல் இது. கேரளத்தின் மார்த்தோமா கிறித்தவர்களின் வழிபாட்டில் இடம்பெற்றுவந்தது. சீரோ மலபார் திருச்சபையின் வழிபாடு 1962-இல் மலையாளத்துக்கு மாறியபின், சிரியாக் பாடல்களை அறிந்தவர்கள் குறைந்துவந்தனர். அந்நிலையில் தில்லிக் குழுவொன்று இதனை எடுத்துப் பாடியது. மெதுவாகத் தொடங்கி, குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படிப்படியாக உயர்வது இதன் அமைப்பு. சொற்களின் பொருள் தெரியாதவர்களும் விரும்பிக் கேட்கும் பாடலாக இது மாறியது.

முக்கியத்துவம்

இந்திய ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிவந்த காலத்தில், உள்ளூர்ப் பாடல்களைக் கொண்டே ராக் இசை அமைக்கலாம் என்பதை இத்தொகுப்பு காட்டியது. அதேவேளை, இதிலுள்ள முக்கியப் பாடல்கள் குழுவினர் புதிதாக எழுதியவை அல்ல. ஓர் ஆற்றங்கரை மக்களும், ஒரு கவிஞரும், ஒரு வழிபாட்டு மரபும் காத்துவந்தவை அவை. ஆகவே கந்தீசாவைப் பற்றி அறிவது அப்பாடல்களுக்கு உரியவர்களைப் பற்றி அறிவதும் ஆகும்.

பிற்காலம்

அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமானார். சுஸ்மித் சென் 2013-இல் குழுவிலிருந்து விலகினார். குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா இயக்கி 2010-இல் வெளிவந்த ஆவணப்படத்துக்கு, இத்தொகுப்பிலுள்ள 'லீவிங் ஹோம்' என்ற உருப்படியின் பெயரே சூட்டப்பட்டது.